பீஜூவின் கம்பளிக் கோட்டு

இந்தத் தீவை விட்டுப் போன மாடு திரும்பி வராது. வெளியே பிறந்த மாடும் உள்ளே வராது. பிரெஞ்சு ராஜாவின் தலை போவதற்கு முன்பே ஜெர்சிக்காரர்கள் போட்ட சட்டம் அது. அதனால்தான் எங்கள் மாடு எங்கள் மாடாகவே இருக்கிறது என்று பண்ணைக்காரர்கள் சொல்வார்கள். அதனால்தான் கடல் தாண்டி ஆட்கள் அதைத் தேடி வருகிறார்கள் என்று தரகர்கள் சொல்வார்கள். எப்படியோ, கப்பலேறுகிற கிடேரியைப் பார்த்து இங்கே யாரும் "போய்ட்டு வா" என்று சொல்வதில்லை. முதுகில் ஒரு தட்டு, "போ." அவ்வளவுதான்.

லிடி பிக்கோ என் பக்கத்து நிலத்துக்காரி. புருஷன் போன பிறகு எட்டு மாடுகளை ஒற்றை ஆளாக வைத்துக் காப்பாற்றியவள். அந்த எட்டில் தலைவி பீஜூ. மான் நிறம், கறுத்த முகம், மூக்கைச் சுற்றி மாவில் முத்தம் கொடுத்ததுபோல ஒரு வெள்ளை வளையம். பால் ஒரு பக்கம் இருக்கட்டும், பீஜூவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது.

எங்கள் மாடுகள் முளையில் கட்டி மேய்கிறவை. சங்கிலி எட்டுகிற வட்டத்தைத் தின்று முடித்ததும் முளையைப் பிடுங்கி, இரண்டு எட்டு தள்ளி அடிப்போம். அப்படியே வளர்ந்த கிடேரிகள் துறைமுகத்தில் கப்பல் பலகையைப் பார்த்ததும் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடும். இழுத்தாலும் வராது, தள்ளினாலும் போகாது. பீஜூ முன்னால் ஏறினால் மட்டும் பின்னாலேயே ஏறும். அவற்றைக் கப்பலின் தட்டி அடைப்புக்குள் விட்டதும் அவள் தானாகத் திரும்பி, பலகையில் ஒவ்வொரு அடியாக வைத்து இறங்கி வருவாள். கீழே லிடி ஒரு முட்டைக்கோசோடு நிற்பாள்.

கயிறு கரையில் கட்டியிருக்கிற வரைக்கும் கப்பலும் தீவில் சேர்த்திதான் என்று துறைமுகத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தோம். யாரும் எழுதி வைத்ததில்லை. மாட்டுத் தரகர் கிளாரன்ஸ் வோட்டியே ஒவ்வொரு தடவையும் அதே வேடிக்கையைச் சொல்வார்: "நம்ம கேப்டனைவிட இவதான் அதிகம் கப்பலேறியிருக்கா. ஒரு தொப்பி தைச்சுப் போடு லிடி."

தொப்பி தைக்கவில்லை, கோட்டு தைத்திருந்தாள். குளிர்காலத்தில் எல்லா மாட்டுக்கும் சாக்குத்துணியில் கோட்டு போடுவோம். பீஜூவினுடையது கம்பளி. சண்டை முடிந்து, தீவைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன் சிப்பாய்கள் போனபோது லிடியின் களஞ்சியத்தில் விட்டுப்போன சாம்பல் நிறப் போர்வை அது. வெட்டி, மார்புக்கும் வயிற்றுக்கும் வார் வைத்து, ஓரத்தில் சிவப்புத் துணி கொடுத்துத் தைத்திருந்தாள். எத்தனை மாடு நின்றாலும் அந்தச் சிவப்பு ஓரத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

பீஜூவைப் பலகையில் ஏற்றி இறக்குவது எதிர்ச் சந்தில் இருந்த ஃபிலிப் ரெனூஃபின் வேலை. அதிகம் பேசாத மனிதன். பேசினால் மாட்டைப் பற்றித்தான் பேசுவான். அந்த மார்ச்சில் அவனுடைய ரோசெட் என்ற கிடேரியும் கப்பலேற வேண்டியிருந்தது. தாய் செத்த கன்று. அடுப்படியில் வைத்து விரலைச் சப்பக் கொடுத்து வளர்த்தான். முந்தின கோடையில் எங்கள் கோயில் பங்கின் மாட்டுக் கண்காட்சியில் ஒரு வெளியூர்க்காரர் அத்தனை கிடேரிகளிலும் அவளைத்தான் வாங்கக் கைகாட்டினார். ஊரே ஃபிலிப்பின் கையைப் பிடித்துக் குலுக்கியது. குலுக்கிய கைகளுக்கு நடுவே நின்று மாட்டேன் என்று எந்த மனிதன் சொல்வான்?

கப்பல் புறப்படுகிற நாளில் மூடுபனி. லிடியால் துறைமுகத்துக்குப் போக முடியவில்லை. அவளுடைய மாடு ஒன்று கன்று போடச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தது, நானும் அவளோடு தொழுவத்தில் இருந்தேன். மத்தியானத்துக்குமேல் கன்று விழுந்தது. கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது சந்தில் குளம்புச் சத்தம். பனிக்குள் சாம்பல் கோட்டும் சிவப்பு ஓரமும் தெரிந்தன.

"வந்துட்டாளா என் மகராசி," என்று லிடி மாடத்திலிருந்து முட்டைக்கோசை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அதை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். லிடி முட்டைக்கோசை நீட்டியபடி நின்றிருந்தாள். எதிரே கோட்டுக்குள் ரோசெட், கயிற்றைப் பிடித்தபடி ஃபிலிப்.

"இது யாரு ஃபிலிப்?" என்றாள் லிடி. தெரியாமல் கேட்கவில்லை.

அவன் சொன்னதைத் துண்டுதுண்டாகத்தான் வாங்க முடிந்தது. கப்பலில் ரோசெட் நடுங்கினாளாம். பீஜூவின் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டானாம், கொஞ்ச நேரத்துக்குத்தான். அதற்குள் வோட்டியே கீழேயிருந்து கத்தினாராம், கடல் தண்ணீர் வடிகிறது, இன்னும் கால்மணி போனால் கப்பல் சேற்றில் உட்கார்ந்துவிடும் என்று. யாரோ ஒரு கூலியாள், "அந்தக் கோட்டுக்காரியை எறக்கு" என்ற சொல்லைக் கேட்டு, கோட்டுக்காரியை இறக்கிவிட்டான். பனியில் பலகையை இழுத்து, கயிற்றையும் அவிழ்த்துவிட்டார்கள்.

நான் ஏதாவது பேச வேண்டுமே என்று ஏதோ பேசினேன். லிடி என் பக்கம் திரும்பவேயில்லை. அவள் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"அவளை யாரு கறப்பா?"

மற்றவை எல்லாம் கிடேரிகள், கறக்க வேண்டாதவை. பீஜூ முழுக் கறவையில் இருந்தாள். சாயங்காலம் மடி கனக்கும். ராத்திரி கல்லாகும்.

எங்கள் வீட்டில்தான் தொலைபேசி இருந்தது. துறைமுகத்துக்குப் போட்டு, அங்கிருந்து பதில் வருவதற்குள் லிடி என் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்து தரையைத் தேய்த்துவிட்டாள். பதில் நல்லதாகத்தான் வந்தது. மூடுபனியால் கப்பல் மேலே போகவில்லை, பக்கத்துக் குவெர்ன்சித் தீவில் ஒதுங்கி நிற்கிறது. மாடு ஒன்றும் இறக்கப்படவில்லை. மறுநாள் அங்கிருந்து சரக்குப் படகு ஒன்று ஜெர்சிக்கு வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, நடுவே பலகை போட்டு, பீஜூவைத் தளத்திலிருந்து தளத்துக்கு மாற்றிவிடலாம். கால் அந்த மண்ணில் படவே படாது.

இந்த யோசனை யாருடையது என்று பிற்பாடு பல பேர் உரிமை கொண்டாடினார்கள். மறுநாள் காலையில் பங்கு முழுக்க இதே பேச்சு. கால் படவில்லை என்றால் போனதாகவே கணக்கில்லை என்றார் ஒருவர். கால்நடை டாக்டர் பெஷாரும் யோசித்துப் பார்த்து, அந்நிய மண்ணில் நிற்கவில்லை, அந்நிய மாட்டோடு நிற்கவில்லை என்று கப்பல் ஆள் சொன்னால் தனக்குத் தடை சொல்ல ஒன்றுமில்லை என்றார். அப்போது எதிரே பிரெஞ்சுக் கரையில் கோமாரி என்று செய்தி அடிபட்டுக்கொண்டிருந்த சமயம். மாட்டைத் தொட்ட கையிலும் காலிலும்கூட ஒட்டி வருகிற நோய் அது, அதனால் அவர் இரண்டு தடவை யோசித்தார். என்னைக் கேட்டால், நானும் சந்தோஷமாகத் தலையாட்டினவள்தான். சட்டத்தை மீறாமலே மாட்டைத் திருப்பிக் கொண்டுவருவது எங்கள் ஊர் சாமர்த்தியத்துக்குப் பெருமை என்று தோன்றியது.

லிடி மட்டும் வழியில், "ராத்திரி கத்தியிருப்பா," என்றாள். கொஞ்சம் கழித்து, "கத்திக் கத்தி ஓஞ்சிருப்பா," என்றாள். கையில் நேற்றைய முட்டைக்கோசு இருந்தது.

படகு வந்து சேர்ந்தபோது பனி விலகியிருந்தது. துறைமுகத்தில் எங்கள் பங்கிலிருந்து பத்திருபது பேர், ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல. ஃபிலிப் தள்ளி, கயிறு கட்டுகிற இரும்புக் குற்றியருகே நின்றான். தளத்தில் பீஜூ. கோட்டு இல்லாமல் அவள் முதுகு சின்னதாகத் தெரிந்தது. லிடியைப் பார்த்ததும் ஒரு தடவை கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பலகை போட்டார்கள். பீஜூவுக்குத் துணையாகக் கூட வந்த கப்பல் ஆள் முதலில் இறங்கினான், இளவட்டம், குவெர்ன்சிக்காரன். அவர்களை நாங்கள் கழுதைகள் என்போம், எங்களை அவர்கள் தேரைகள் என்பார்கள். சின்னப் பிள்ளைகள் முதல் பாதிரிமார்வரை இதில் பேதமில்லை. டாக்டர் கேட்டதற்கெல்லாம் அவன் ஒழுங்காகப் பதில் சொன்னான். மண்ணில் கால் பட்டதா? இல்லை. மற்ற மாடுகளோடு நின்றதா? இங்கிருந்து போன கிடேரிகளோடு மட்டும்தான். டாக்டர் தலையசைத்து, வோட்டியேவிடம் ஏதோ சொல்லத் திரும்பினார்.

லிடி அந்தப் பையனைக் கேட்கவில்லை, மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை போன இடம் எனக்கும் புரிந்தது. மடி. ஒரு பகலும் ஒரு இரவும் கறக்காத மடி அது இல்லை. தளர்ந்து, சுருக்கம் விழுந்து, சுகமாகத் தொங்கியது.

அவள் அவனருகே போய் மெல்லக் கேட்டாள்: "யாருப்பா கறந்தது?"

அவனுக்கு அந்தக் கேள்வியில் அப்படியொரு சந்தோஷம். "எங்க சித்திங்க. இது கத்துன கத்துல கேப்டனுக்கே தூக்கமில்ல. தேரைத் தீவு மாடா இருந்தாலும் மாடுதானேன்னு நான்தான் ஓடிப்போய்க் கூட்டியாந்தேன். சித்தி அப்பதான் தன் மாட்டைக் கறந்துட்டு இருந்துச்சு. தொழுவத்துலருந்து அப்படியே வந்துச்சு, பூட்ஸக்கூட மாத்த விடல நான்." பிறகு கொஞ்சம் பெருமையாகச் சேர்த்துக்கொண்டான்: "பாலு தண்ணியாட்டம் இருக்கும்னு சித்தி நெனச்சுதாம். பரவால்ல, கெட்டிதான்னு ஒத்துக்கிச்சு."

"சித்திகிட்ட எத்தனை மாடு?"

"அஞ்சாறு இருக்கும்."

"எல்லாம் நல்லா இருக்கா?"

"எனக்கென்னங்க தெரியும். நான் கப்பல்காரன்."

இதைக் கேட்டது லிடி, அவளுக்குப் பின்னால் நின்ற நான், எங்களுக்குப் பக்கத்தில் புகையிலை திணித்துக்கொண்டிருந்த வோட்டியே. டாக்டர் காதில் விழவில்லை. அவர் கையை உயர்த்தி, "எறக்குங்க," என்றார். மேலே கட்டை அவிழ்த்தார்கள். பீஜூ எப்போதும்போலத் திரும்பி, பலகையின் தலைமாட்டில் வந்து நின்று, முன்னங்காலை வைத்தாள்.

லிடியின் முகத்தை அப்போது பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் கையைப் பார்த்தேன். முட்டைக்கோசின் மேல் இலை ஒன்றைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்," என்றாள். "நிறுத்தச் சொல்லுங்க."

மேலே இருந்தவன் பீஜூவின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தான். லிடி டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சித்தி, தொழுவம், பூட்ஸ், கறந்த கை. டாக்டரின் முகம் மெல்ல மெல்ல வேறாகிக்கொண்டு போனது. அவருக்கும் பீஜூவைத் தெரியும்.

வோட்டியே அவள் முழங்கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தார். "ஏம்மா லிடி, பைத்தியமா உனக்கு? அந்தப் பய சொன்னது எனக்கு ஒண்ணும் கேக்கல. இவங்களுக்கும் கேக்கல." என்னைக் காட்டினார். "உனக்கு மட்டும் கேட்டுச்சாக்கும்?"

"எனக்குக் கேட்டுச்சே," என்றாள் லிடி.

அவர் அவள் முழங்கையை விட்டுவிட்டார்.

கோபம் வந்தது அந்தப் பையனுக்குத்தான். தன் சித்தி மாட்டுக்கு என்ன குறைச்சல் என்று சண்டைக்கு வந்தான். உதவி செய்தால் இந்தத் தேரைகள் இப்படித்தான் என்றான். லிடி அவன் பேசி முடிக்கும்வரை நின்றாள். "குறை ஒண்ணும் இருக்காது தம்பி. சித்தி வரலேன்னா இவளுக்கு மடியே போயிருக்கும். நான் நன்றி சொன்னேன்னு சொல்லு. கெட்டிப் பாலுன்னு சொன்னாங்களே, அதுக்கும் சேர்த்து." பிறகு, "ஆனா எங்க தீவுல இருக்கிற மாடெல்லாம் என் மாடு இல்லையே," என்றாள்.

பீஜூவைக் குவெர்ன்சிக்கும் அனுப்ப முடியாது. அவர்களுக்கும் அவர்கள் மாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. அந்தப் படகு மறுபடி நீர் ஏறும்போது இங்கிலாந்துக்குப் போகிறது. அதிலேயே போக வேண்டியதுதான். டெவன் பக்கம் தனக்குத் தெரிந்த நல்ல பண்ணை ஒன்று இருப்பதாக வோட்டியே சொன்னார். வழக்கமாக அவர் சொல்லும் குரலில் சொல்லவில்லை.

"நான் மேல போய் ஒரு தரம் கறந்துட்டு வரலாமா?" என்று லிடி டாக்டரைக் கேட்டாள்.

போகலாம். ஆனால் இறங்கும்போது மருந்துத் தண்ணீரில் கையும் காலும் கழுவ வேண்டும், உடுத்தியிருப்பதைக் கொளுத்த வேண்டும், இரண்டு வாரம் தன் மாடுகள் பக்கம் தலைகாட்டக் கூடாது. டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லிடி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவளுடைய ஏழு மாட்டையும் என்னுடையதையும் சேர்த்துக் கறப்பதாக அர்த்தம். அதற்கப்புறம் என் மணிக்கட்டு பட்ட பாடு வேறு கதை.

படகிலிருந்த ஒரு வாளியைத்தான் கொடுத்தார்கள். அவள் தலையை மாட்டின் விலாவில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தது கரையிலிருந்து தெரிந்தது. முதலில் தகரத்தில் விழுகிற பால் சத்தம், பிறகு பாலில் விழுகிற சத்தம். கல்யாணக் கூட்டம் கலைய மனமில்லாமல் நின்றது. கறந்து முடித்து வாளியோடு பக்கவாட்டுக்கு வந்தாள். அந்தப் பாலும் கரைக்கு வரக்கூடாது. கவிழ்த்தாள். பச்சைத் தண்ணீரில் அது மேகம்போல விரிந்து, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

முட்டைக்கோசைப் பீஜூவுக்கே வைத்துவிட்டாள். பீஜூவின் முதுகில் தட்டினாள். காற்று எங்கள் பக்கம் வீசியதால் அவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "போய்ட்டு வா," என்றாள். யாரும் திருத்தவில்லை.

பலகையில் லிடி மட்டும் இறங்கி வந்தாள். டாக்டரின் தொட்டியில் அவள் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் ஃபிலிப் குற்றியை விட்டு வந்தான். தொப்பியைக் கையில் எடுத்திருந்தான்.

"லிடி, ரோசெட்டை நீ வச்சுக்க."

அவள் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கோட்டை நான் போட்டது குளிருக்குத்தான். அது சத்தியம்." தொப்பியைக் கையில் திருப்பினான். "ஆனா ரோசெட் கீழ எறங்கினதும் அவ முகத்தைப் பார்த்துட்டேன். பலகை அப்ப போட்டபடிதான் இருந்துச்சு. ஒரு நிமிஷம் நான் பேசல. தண்ணி வடிஞ்சிட்டே இருந்துச்சு, நான் பேசாம நின்னேன். பெறகுதான் கத்தினேன்."

லிடி நகத்துக்கிடையில்கூடத் தேய்த்துக் கழுவினாள். கையை உதறினாள். "முளை அடிச்சபடியே இருக்கு," என்றாள். "அங்கயே கொண்டுபோய்க் கட்டு. கோட்டைக் கழட்டி உள்ள வச்சிடு." அதோடு சரி. அதன் பிறகு மாதக்கணக்காக அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபிலிப் தினம் வந்து ரோசெட்டின் முளையை மாற்றி அடித்துவிட்டுப் போவான். அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். வேண்டாம் என்றும் சொல்லமாட்டாள்.

அந்த வருஷம் குவெர்ன்சியில் ஒரு மாட்டுக்கும் ஒன்றும் வரவில்லை. சித்தியின் மாடுகள் கொழுகொழுவென்று இருந்ததாகத்தான் கேள்வி. கோடையில் வெண்ணெய் கடைந்துகொண்டிருக்கும்போது இதை நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அங்கே ஒன்றும் வரவில்லையாமே லிடி, வீணாகத்தானே போச்சு என்று.

அவள் கடைவதை நிறுத்தவில்லை. "வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ங்கறியா?" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள்: "நானும் அப்படி ரெண்டு மூணு தடவை நெனச்சுட்டேன். வெக்கமா இருந்துச்சு."

டெவனிலிருந்து வோட்டியே வழியாக ஒரு செய்தி வந்தது. பீஜூ அங்கே எந்த வாசலைத் திறந்தாலும் முதலில் போகிறாளாம், போய் நின்று திரும்பிப் பார்க்கிறாளாம். லிடி அதைக் கேட்டுவிட்டு, "கோசு குடுக்கிறாங்களான்னு பாப்பா," என்றாள்.

ரோசெட் கன்று போட்டுக் கறவைக்கு வந்தாள். உதைக்கிற மாடு. கறக்க லிடியைத் தவிர யாரையும் கிட்டே சேர்க்கவில்லை, வளர்த்த ஃபிலிப்பைக்கூட. நவம்பரில் முதல் குளிர்காற்று அடித்த காலையில் லிடி உள்ளே போய் அந்தக் கம்பளிக் கோட்டை எடுத்து வந்தாள். உதறினாள். வாரைக் கொஞ்சம் இறக்கித் தைக்க வேண்டியிருந்தது, ரோசெட்டுக்கு மார்பு அகலம். மாட்டிவிட்டு நாங்கள் இருவரும் வேலி ஓரமாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

ஃபிலிப் முளை மாற்றுவதற்காகச் சந்து திரும்பி வந்தான். வயலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். பிறகு வேகமாக நடந்தான், அந்த வயசுக்கு ஓட்டம்தான் அது. வேலிக்கு வந்ததும் மூச்சு வாங்கியது.

"பீஜூன்னு நெனச்சுட்டேன்," என்றான்.

லிடி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மறுபடியுமா?" என்றாள்.

அவன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். லிடியின் தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் சிரித்தான். அவள் கெட்டிலைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்து, ஒரு கோப்பைக்கு மிச்சம் இருக்கிறது என்றாள்.